19 போட்ட பிறகும் கணினி ஏன் இழுக்கிறது? நைஸ் எண்ணின் உள்விவரம்

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த வாரத்தில், பாளையங்கோட்டையில் ஒரு சிறு ஸ்டுடியோ நடத்தும் அண்ணாச்சியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. அங்கே லினக்ஸ் ஓடும் ஒரே கணினிதான் இரவில் கல்யாண வீடியோக்களைச் சுருக்கி மாற்றுவதற்கும், பகலில் பாஸ்போர்ட் அளவுப் படங்களைச் சரிசெய்து அச்சிடுவதற்கும் பயன்படுகிறது. முந்தைய இரவு தொடங்கிய வேலை விடிந்தும் முடியவில்லை. பத்து மணியைத் தாண்டியும், வீடியோவைச் சுருக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் ஓடிக்கொண்டிருந்தது. படத்துக்காகப் பள்ளிப் பிள்ளைகளோடு பெற்றோர் காத்து நிற்க, மவுஸ் அம்பு திரையில் விட்டுவிட்டு நகர்ந்தது. ஓடும் வேலையின் முன்னுரிமையை மாற்றும் ரீநைஸ் கட்டளையால் அந்த வேலைக்கு 19 என்ற எண்ணைக் கொடுங்கள், அது மற்றவற்றுக்கு வழிவிடும் என்று சொன்னேன். பழைய முன்னுரிமை 0, புதிய முன்னுரிமை 19 என்று கணினியும் பதில் சொல்லிவிட்டது. ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போன். “தம்பி, நீ சொன்ன நம்பரைப் போட்டாச்சு. மவுஸ் இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் கெடக்கு.”

கட்டளை தோற்கவில்லை, எண்ணும் மாறிவிட்டது, ஆனாலும் பலன் இல்லை. கட்டளை வரியில் முன்னுரிமையை மாற்றிப் பார்த்த பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் ‘இதெல்லாம் சும்மா, ஒன்றும் நடக்காது’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். என் கருத்தில் பிழை கட்டளையில் இல்லை. அந்த எண் எதைப் பங்கிடுகிறது, யாருக்கும் யாருக்கும் இடையே பங்கிடுகிறது என்பதைப் பார்க்காமல் அதை வேகத்தின் திருகாணியாக நினைப்பதில்தான் பிழை இருக்கிறது.

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஓடும் ஒவ்வொரு செயல்முறைக்கும், அதாவது பிராசஸுக்கும், ஒரு நைஸ் எண் உண்டு. லினக்ஸில் அது −20 முதல் 19 வரை செல்லும். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் 0. எண் ஏற ஏற முன்னுரிமை இறங்கும் என்பது புதிதாக வருபவரை முதலில் குழப்பும் இடம், ஆனால் பெயரின் பொருள் தெரிந்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் வளர்ந்த 1970களில் ஒரே கணினியைப் பல பேர் தத்தம் டெர்மினலில் அமர்ந்து பகிர்ந்துகொண்டார்கள். அவசரமில்லாத நீண்ட கணக்கை ஓட்டுபவர் தாமாகவே முன்வந்து ‘எனக்கு அவசரமில்லை, மற்றவர்களைக் கவனியுங்கள்’ என்று சொல்லிக்கொள்ளும் வசதிக்குத்தான் நைஸ் என்று பெயர் வந்தது. நம் ஊரில் மாவு நைசாக அரைபட வேண்டும், ஆள் நைசாகப் பேசிக் காரியம் சாதிப்பான். இங்கே அந்த இரண்டு பொருளும் இல்லை, நல்ல மனதோடு வழிவிடுதல் மட்டுமே உண்டு. எண் பெரிதானால் வழிவிடும் குணம் பெரிது என்று வைத்துக்கொண்டால் கணக்குத் தலைகீழாகத் தெரியாது. ஏற்கெனவே ஓடும் வேலையின் எண்ணை மாற்றும் ரீநைஸ், 1980இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் பதிப்பில் வந்து சேர்ந்தது.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் என்ன செய்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. 2007இல் வெளிவந்த 2.6.23 கெர்னலில் இங்கோ மோல்னார் எழுதிய புதிய ஷெட்யூலர், அதாவது எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிடும் பகுதி, சேர்க்கப்பட்டபோது, ஒவ்வொரு நைஸ் எண்ணுக்கும் ஓர் எடை நிர்ணயிக்கப்பட்டது. 0க்கு எடை 1024, முன்னுரிமை ஒரு படி இறங்கி எண் 1 ஆனால் 820, 5க்கு 335, 10க்கு 110, 19க்கு வெறும் 15. எதிர்த்திசையில் −20க்கு 88761. அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே எடை ஏறத்தாழ 1.25 மடங்கு மாறும்படி இந்தப் பட்டியல் அமைந்திருக்கிறது. 2023இல் 6.6 கெர்னலில் அந்த ஷெட்யூலரின் இடத்துக்கு வேறொரு முறை வந்த பின்பும் எடைகள் மாறவில்லை. கணினியின் செயலியான சிபியுவின் ஒரே கோரில், அதாவது தனித்துக் கணக்கிடும் ஓர் அலகில், இரண்டு வேலைகள் இடைவிடாமல் ஓடத் துடித்தால், அவற்றின் எடை விகிதத்திலேயே நேரம் பிரியும்: 0ம் 1ம் மோதினால் 55க்கு 45, 0ம் 10ம் மோதினால் 90க்கு 10, 0ம் 19ம் மோதினால் தொண்ணூற்றெட்டரைக்கு ஒன்றரை. எண்களின் வித்தியாசம்தான் முக்கியமே தவிர எண் அல்ல என்பதையும் இதிலிருந்தே காணலாம். இரண்டு வேலைகளுக்கும் 19 கொடுத்தால் இரண்டும் பாதிப் பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளும், ஒருவரும் யாருக்கும் வழிவிட்டதாக ஆகாது.

தாமிரபரணியின் பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாயிலோ சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாயிலோ தண்ணீர் எப்படிப் பிரிகிறது என்று பார்த்தவருக்கு இதைப் புரியவைப்பது எளிது. மடையின் வாய் அகலமானால் பங்கு கூடும், குறுகினால் குறையும்; ஆனால் அது தண்ணீர் தட்டுப்பாடான நாளில்தான் கணக்குக்கு வரும். கால்வாய் கரைபுரளும் ஐப்பசியில் குறுகிய மடைக்காரருக்கும் வேண்டிய தண்ணீர் கிடைத்துவிடும். பக்கத்து வயல்காரர் மடையை அடைத்துவிட்டால் அவர் பங்கு வீணாகாமல் அடுத்தவருக்குப் போகும். நைஸ் எண்ணும் அப்படித்தான். எட்டு கோர் உள்ள கணினியில் மூன்று வேலைகள் மட்டும் ஓடினால் ஒன்றுக்கு 19 கொடுத்தாலும் −5 கொடுத்தாலும் ஒரு நொடிகூட வித்தியாசம் இருக்காது. எதிரி இல்லாத இடத்தில் 19 என்ற எண் சிபியு முழுவதையும் தடையில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

இதனால் வரும் ஒரு தவறான எதிர்பார்ப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கத்திரி வெயிலில் கணினி சூடேறி மின்விசிறி இரைகிறது, யுபிஎஸ் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, அதனால் நைஸ் போட்டுக் குளிரவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. இரவில் வேறு வேலை இல்லாத கணினியில் 19 எண் கொண்ட எஃப்எஃப்எம்பெக் எல்லாக் கோர்களையும் நூறு விழுக்காட்டில் வைத்துத்தான் ஓடும். சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் வேண்டியது பங்கீடு அல்ல, உச்சவரம்பு. அதற்கு, லினக்ஸில் வேலைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் சிபியு கோட்டா என்ற தனி அமைப்பு இருக்கிறது, அதில் 200 விழுக்காடு என்றால் இரண்டு கோர் அளவுக்குமேல் அந்த வேலை போகாது.

கட்டளைகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்கும் வேலையின் முன்னால் நைஸ் என்று சேர்த்தால் போதும். எண் சொல்லாவிட்டால் 10 கூடும். ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு ரீநைஸ் என்று எழுதி, புதிய எண்ணையும் அந்தச் செயல்முறையின் எண்ணையும் கொடுக்க வேண்டும். ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் டாப் திரையில் சிறிய ஆர் எழுத்தை அழுத்தினாலும், அதைப்போன்ற எச்டாப்பில் எஃப்7, எஃப்8 விசைகளைத் தட்டினாலும் இதே காரியம் நடக்கும். டாப்பில் நைஸ் எண்ணுக்குப் பக்கத்திலேயே முன்னுரிமை என்று இன்னொரு பத்தி தெரியும். சாதாரண வேலைகளுக்கு அது நைஸ் எண்ணோடு 20ஐக் கூட்டியது மட்டுமே, ஆகையால் அதில் 39 என்று கண்டால் பதற வேண்டாம். லினக்ஸில் பரவலாக இருக்கும் ரீநைஸ் நாம் கொடுப்பதை அப்படியே இறுதி எண்ணாக வைக்கும், நைஸ் கட்டளையோ இருக்கும் எண்ணோடு கூட்டும்; இந்த வேற்றுமை மட்டும் நினைவில் இருக்கட்டும்.

இந்த எண்ணை யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்க மட்டும் அதிகாரம் வேண்டும். சாதாரணப் பயனர் தம்முடைய வேலையை 0இலிருந்து 10க்குக் கொண்டுபோய்விட்டு, கூட்டம் குறைந்த பிறகு மறுபடி 0க்கு வர நினைத்தால், வழக்கமான அமைப்பில் அனுமதி மறுக்கப்படும். தாமே விட்டுக்கொடுத்ததைக்கூடத் திரும்பப் பெற ரூட் அதிகாரம், அதாவது சூடோ, தேவைப்படும். கடுமையாகத் தோன்றினாலும் காரணம் உண்டு. பலர் பகிரும் கணினியில் ஆளாளுக்குத் தம் வேலையை முன்னே தள்ளத் தொடங்கினால் பந்தியில் முதல் வரிசைக்கு முட்டுகிற கதையாகிவிடும். ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு தரவேண்டுமானால், லிமிட்ஸ் கோப்பில் அவருக்கான நைஸ் வரம்பை நிர்வாகி எழுதிவைக்கலாம்.

இனி ஸ்டுடியோவுக்கு வருகிறேன். அன்று மதியம் நேரில் போய் டாப்பைத் திறந்தபோது எஃப்எஃப்எம்பெக்கின் வரியில் நைஸ் 19 என்றுதான் இருந்தது. பெரிய எச் எழுத்தை அழுத்தி, செயல்முறைகளுக்குப் பதிலாக அவற்றின் திரெட்களை, அதாவது ஒரு செயல்முறைக்குள் இணையாக ஓடும் இழைகளை, தனித்தனியாகக் காட்டச் சொன்னதும் உண்மை வெளியே வந்தது. ஒரே பெயரில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட வரிகள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் 19, மற்றவை எல்லாம் 0. அந்த ஒன்று பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருந்தது. வியர்வை சிந்தி வீடியோவைச் சுருக்கிய திரெட்கள் அனைத்தும் பழைய முன்னுரிமையிலேயே ஓடின.

லினக்ஸில் நைஸ் எண் செயல்முறை முழுவதற்கும் பொதுவானதன்று, ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனி. யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரநிலை முழுச் செயல்முறைக்கும் ஒரே எண் என்றுதான் எதிர்பார்க்கிறது. லினக்ஸ் அதிலிருந்து விலகி நிற்கிறது, அதன் கையேட்டுப் பக்கமே இதை ஒப்புக்கொள்கிறது. செயல்முறை எண்ணைக் கொடுத்து ரீநைஸ் செய்தால் முதன்மைத் திரெட் ஒன்றுதான் மாறும். புதிதாகப் பிறக்கும் திரெட்கள் தம்மைப் பெற்ற திரெட்டின் எண்ணோடு பிறக்கும், ஏற்கெனவே பிறந்துவிட்டவற்றை யாரும் தொடுவதில்லை. இதே விதி பிள்ளைச் செயல்முறைகளுக்கும் பொருந்தும்: ஒரு ஸ்கிரிப்ட் ஓடும்போது அந்த ஸ்கிரிப்டின் எண்ணை மாற்றினால் அது இனிமேல் தொடங்கும் வேலைகளுக்கு எண் போய்ச்சேரும், இந்தக் கணம் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் போகாது. மருந்து எளிதுதான். ஓடும் வேலைகளின் விவரங்களைக் கெர்னல் காட்டும் ப்ராக் கோப்பகத்தில் அந்தச் செயல்முறையின் எண்ணுள்ள உறைக்குள் டாஸ்க் என்றொரு கோப்பகம் இருக்கிறது. அதிலுள்ள எண்கள் அனைத்தையும் ரீநைஸுக்குக் கொடுத்துவிடலாம். அல்லது ஜி என்ற தெரிவோடு செயல்முறைக் குழுவின் எண்ணைக் கொடுத்தால் குழுவிலுள்ள எல்லாத் திரெட்களும் ஒரே அடியில் மாறும். எல்லாவற்றையும்விட நல்லது, வேலையைத் தொடங்கும்போதே நைஸ் போட்டுத் தொடங்குவது.

அப்படி எல்லாத் திரெட்களுக்கும் 19 போட்ட பிறகும் மவுஸ் நான் எதிர்பார்த்த அளவுக்கு இலகுவாகவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன். அடுத்த காரணம் இன்னும் நுட்பமானது, இணையத்திலுள்ள பெரும்பாலான குறிப்புகள் தொடாமல் விடுவது.

2011இல் வந்த 2.6.38 கெர்னலில் ஆட்டோகுரூப் என்ற ஏற்பாடு சேர்ந்தது. ஒவ்வொரு டெர்மினல் அமர்வையும் கெர்னல் ஒரு குழுவாகக் கருதி, சிபியு நேரத்தை முதலில் குழுக்களுக்கு இடையே பங்கிடும்; அதன் பிறகே குழுவுக்குள் இருக்கும் வேலைகளுக்கு இடையே நைஸ் எடைப்படி பங்கிடும். ஒரு டெர்மினலில் கெர்னலின் மூலநிரலையே இருபது இணை வேலைகளாகக் கம்பைல் செய்யும் ஒருவரின் கணினியில் பிரவுசரும் வீடியோவும் திணறாமல் ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம், அது நன்றாகவே நிறைவேறியது. ஆனால் அதன் பக்கவிளைவாக ரீநைஸின் கை குட்டையாகிவிட்டது. மறுபடியும் கால்வாய்க் கணக்குதான்: முதலில் மடைக்கு மடை பங்கு, பிறகு அந்த மடையில் பாயும் வயல்களுக்குள் பங்கு. என் மடையில் நான் ஒருவனே பாய்ச்சுகிறேன் என்றால், ‘எனக்குக் கொஞ்சம் போதும்’ என்று நான் எவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னாலும் அந்தத் தண்ணீர் அடுத்த மடைக்காரருக்குப் போகாது, என் வயலுக்கேதான் வரும். எஃப்எஃப்எம்பெக் தன் டெர்மினலில் தனியாக இருந்தது. 19 என்ற எண் அதன் குழுவுக்குள் யாருக்கு வழிவிடும்? வழிவிட ஆளே இல்லை.

நம்பாதவர்கள் பத்து நிமிடத்தில் சோதிக்கலாம். ஒன்றும் செய்யாமல் சுழலும் ஒரு சிறு லூப்பை எழுதி, டாஸ்க்செட் கட்டளையால் ஒரே கோரில் கட்டிப்போட்டு, ஒரே டெர்மினலில் இரண்டு பிரதிகளைப் பின்னணியில் ஓடவிட்டு, ஒன்றுக்கு 19 கொடுங்கள். டாப்பில் ஒன்று 98க்கு மேலும் மற்றொன்று ஒன்று, இரண்டு விழுக்காட்டிலும் நிற்கும். பிறகு அதே இரண்டையும் இரண்டு தனித்தனி டெர்மினல் சாளரங்களில் அதே கோரில் ஓடவிட்டு மறுபடி ஒன்றுக்கு 19 கொடுங்கள். ஆட்டோகுரூப் செயல்படும் கணினியில் இரண்டும் ஐம்பதுக்கு ஐம்பது என்று அசையாமல் நிற்பதைக் காண்பீர்கள். முதன்முதலில் இதைப் பார்த்தபோது நான் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன் என்றே நினைத்து மூன்று முறை திரும்ப அடித்தேன்.

தீர்வு, பங்கு எங்கே பிரிகிறதோ அங்கேயே எண்ணை மாற்றுவது. ப்ராக் கோப்பகத்தில் செயல்முறையின் உறைக்குள் ஆட்டோகுரூப் என்ற பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கும். அதைப் படித்தால் குழுவின் பெயரும் குழுவுக்கான நைஸ் எண்ணும் தெரியும், அதில் 19 என்று எழுதினால் மடையின் வாயே குறுகும். இன்று சிஸ்டம்டி உள்ள பல டெஸ்க்டாப்களில் பயன்பாடுகள் சிகுரூப் எனும் குழுக்களில் வைக்கப்படுகின்றன. சிபியுவும் அவ்வழியே பங்கிடப்படும் இடத்தில் ஆட்டோகுரூப் ஒதுங்கிக்கொள்ளும், அங்கே 1 முதல் 10000 வரையிலான சிபியு எடைதான் பேசும். வழக்கமான எடை 100. சிஸ்டம்டி-ரன் கட்டளையால் ஒரு வேலையைத் தனிக் குழுவில் எடை 10 என்று தொடங்கினால், நெரிசல் வரும்போது பக்கத்துக் குழு பத்துப் பங்கு எடுக்க இது ஒரு பங்கு எடுக்கும். எத்தனை திரெட், எத்தனை பிள்ளை என்ற கவலை இல்லை, எல்லாம் ஒரே குடைக்குள் வந்துவிடும். புதிதாக ஓர் அமைப்பைக் கட்டுபவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ரீநைஸ், ஏற்கெனவே ஓடுவதை அவசரத்துக்குப் பிடித்து நிறுத்திவைக்கும் கருவியாகவே இருக்கட்டும்.

நிறுத்திவைப்பது என்றால் உண்மையிலேயே நிறுத்தவும் முடியும். கில் என்ற பெயர் பயமுறுத்தினாலும், அந்தக் கட்டளையால் ஸ்டாப் சமிக்ஞையை அனுப்பினால் செயல்முறை இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கும், கன்டினியூ சமிக்ஞை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேருக்கு முட்டுக்கட்டை போட்டு எடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். வரிசையில் பத்துப் பேர் நிற்கும் அரைமணி நேரத்துக்கு எந்த எண்ணையும்விட இது நேரான வழி.

சிபியு அல்லாத இடத்தில் நெரிசல் இருந்தால் நைஸ் எண் அநேகமாக உதவாது. டாப்பின் மேற்பகுதியில் காத்திருப்பு விழுக்காடு உயர்ந்து நின்றால் வேலைகள் சிபியுவுக்காக அல்ல, வட்டுக்காக நிற்கின்றன என்று பொருள். அதற்கென ஐஓநைஸ் என்ற கட்டளை இருக்கிறது. அதில் மூன்றாம் வகுப்பைக் கொடுத்தால் மற்ற யாரும் வட்டைத் தொடாத நேரத்தில் மட்டும் அந்த வேலைக்கு வட்டு கிடைக்கும். ஆனால் அதுவும் வட்டுக்கான ஷெட்யூலரைப் பொறுத்தது. பிஎஃப்க்யூ என்ற ஷெட்யூலர் இருந்தால் முழுதாகக் கேட்கும்; என்விஎம்இ எனும் வேகமான எஸ்எஸ்டி வட்டுகளில் பெரும்பாலும் இருப்பதுபோல எந்த ஷெட்யூலரும் இல்லாமல் விட்டிருந்தால் ஐஓநைஸ் செவிடன் காதில் ஊதிய சங்குதான். நினைவகம் போதாமல், வட்டையே நினைவகமாகப் பயன்படுத்தும் ஸ்வாப் ஓடத் தொடங்கிவிட்டாலோ, எந்த எண்ணும் காப்பாற்றாது. சில வேலைகளை மூட வேண்டும், அல்லது ரேம் வாங்க வேண்டும்.

மறுபக்கத்து ஆசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடியோ வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதற்கு −20 கொடுத்து, டெஸ்க்டாப்பையே பட்டினி போட்டவர்களை அறிவேன். வேலை வேகமாக நடக்கவில்லை, மற்றவை நின்றதால் வேகமாகத் தெரிந்தது. இன்னும் துணிந்து சிஎச்ஆர்டி கட்டளையால் நிகழ்நேர வகுப்புக்கு மாற்றுவது அதைவிட அபாயம். 1 முதல் 99 வரை முன்னுரிமை கொண்ட அந்த வகுப்பில் பங்கு என்ற பேச்சே கிடையாது. அதில் இருப்பவர் எழுந்து போகும்வரை சாதாரண வேலைகள் காத்திருக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஒரு வேலை முடிவில்லாத சுழலில் மாட்டினால் கணினி முழுவதும் உறையாதிருக்க, வழக்கமான அமைப்பில் நொடிக்கு 0.95 நொடிக்குமேல் நிகழ்நேர வேலைகளுக்குக் கொடுக்காமல் மீதியைக் கெர்னல் பிடித்துவைக்கிறது. ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு அந்த வகுப்பு தேவை. கல்யாண வீடியோவைச் சுருக்குவதற்குத் தேவையில்லை.

விண்டோஸிலும் இதே எண்ணம் வேறு உடையில் இருக்கிறது. அங்கே எண்ணுக்குப் பதில் ஆறு வகுப்புகள். கட்டளை வரியில் ஸ்டார்ட் என்பதோடு லோ என்று சேர்த்துத் தொடங்கலாம், ஓடுவதைப் பவர்ஷெல்லில் அதன் முன்னுரிமை வகுப்பை மாற்றி இறக்கலாம். லினக்ஸ் எடைக்கேற்ற பங்கு கொடுக்கிறது, விண்டோஸோ உயர்ந்த முன்னுரிமை ஓடத் தயாராக இருக்கும்வரை தாழ்ந்ததைப் பெரும்பாலும் காக்கவைக்கிறது. லினக்ஸின் 19ஐ அங்கே லோ என்று நேராக மொழிபெயர்த்துக்கொள்ள முடியாததற்கு அதுவே காரணம்.

ஸ்டுடியோவில் இப்போது இரவு வேலைக்கான ஸ்கிரிப்ட் சிஸ்டம்டி-ரன் வரியோடு தொடங்குகிறது, எடை 10. கல்யாணப் பருவத்தில் விடிந்தும் வேலை முடியாத நாட்கள் இன்னும் உண்டு. பிள்ளைகளின் படம் அச்சாகி வெளியே வரும்போது பின்னால் எஃப்எஃப்எம்பெக் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அண்ணாச்சிக்கு அது தெரிவதில்லை. யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் முழுக் கல்யாணத்தையும் பிரதி எடுக்கும் நேரத்தில் மட்டும் கணினி பழையபடி இழுக்கிறது. அந்தப் பிரதியை அவர் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்.